மூன்றாம் கட்டில் அருவி

பட்டுச் சேலையின் கரையிலிருந்து தண்ணீர் சொட்டியபோது எங்கள் டயாலிசிஸ் வார்டின் ரோஸ்லின் சிஸ்டர் கேட்ட முதல் கேள்வி, "இப்பத்தான தரையத் தொடச்சிட்டுப் போனாங்க, யாரு கொட்டுனது?" என்பதுதான். சேலை என்றால் உடுத்தும் சேலை அல்ல. பத்திரிகையில் வந்த விளம்பரச் சேலை, பீடி இலை அளவுக்கு வெட்டப்பட்டு, கெட்டி அட்டையில் ஒட்டப்பட்டு, மூன்றாம் கட்டிலின் சாப்பாட்டுப் பலகையில் கிடந்த சேலை. அதன் ஜரிகைக்குள்ளிருந்து சொட்டுச் சொட்டாக வந்த தண்ணீர் பலகையின் ஓரத்தில் கொஞ்சம் நின்று யோசித்து, பிறகு தரையில் விழுந்தது. நாங்கள் எட்டுப் பேரும் படுத்தபடியே பார்த்தோம், யாரும் கத்தவில்லை. உடம்பிலுள்ள ரத்தம் குழாய் வழியே வெளியே போய்க் கழுவப்பட்டுத் திரும்பி வருவதை வாரம் இரண்டு முறை கண்ணால் பார்க்கிறவர்களுக்கு, ஒரு காகிதம் ஈரமாவது பெரிய சங்கதி இல்லை.

நான் ஏழாம் கட்டில். எங்கள் வியாதியை ஒரே வரியில் சொல்வதென்றால், குடித்த தண்ணீர் வெளியே போகாது, உள்ளேயே தங்கிக் காலில் இறங்கி, முகத்தில் ஏறி, கடைசியில் நெஞ்சுக்குள் புகுந்து மூச்சை அடைக்கும், அதனால் நாளுக்கு மூன்று டம்ளர்தான் கணக்கு, அதில் குழம்பும் மோரும் சேர்த்தி. செவ்வாயும் வெள்ளியும் வாசலிலேயே எடை மேடை இருக்கும், அதில் ஏறினால் போன தடவையிலிருந்து எத்தனை குடித்தோம் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். "தண்ணி குடிச்சீங்களா?" என்று ரோஸ்லின் சிஸ்டர் கேட்பார், "இல்ல சிஸ்டர்" என்று நாங்கள் சொல்வோம். தண்ணீர் விஷயத்தில் பொய் சொல்லாத டயாலிசிஸ்காரன் இனிமேல்தான் பிறக்க வேண்டும். சிஸ்டர் பதினோரு வருடமாக அந்தப் பதிலைக் கேட்கிறார், ஒருநாளும் நம்பியதில்லை.

காகித வேலையைக் கொண்டுவந்தவர் ஹாஜிரா டீச்சர். பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர், கணவருக்குத் துணையாக ஐந்தாம் கட்டிலின் அருகே இரண்டு வருடம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர். அவர் கணவர் போன பிறகு ஒரு மாதம் கழித்து, ஒரு பெட்டியோடு திரும்பி வந்து, "நாலு மணி நேரம் மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கெடக்குறது எவ்வளவு கொடுமைன்னு எனக்குத் தெரியும் சிஸ்டர், படம் வெட்டி ஒட்டட்டும்" என்றார். ரோஸ்லின் சிஸ்டர் லேசில் மசிகிறவர் அல்ல. கத்திரி முனை மழுங்கியதாக இருக்க வேண்டும், எட்டுக் கத்திரிக்கும் நகப்பூச்சில் நம்பர் போட வேண்டும், கொடுக்கும்போது எண்ண வேண்டும், எட்டும் தட்டுக்குத் திரும்பி ஸ்பிரிட்டில் துடைக்கப்படாமல் யாருக்கும் ஊசி கழற்றப்பட மாட்டாது, பசைக்குச்சி ஆளுக்கொன்று, ஒருவருடையது இன்னொருவர் கைக்குப் போகக்கூடாது, மினுமினுப்புத் தூள் பேச்சே கூடாது, மெஷின் கத்தினால் கத்திரியைக் கீழே போட்டுவிட வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, டீச்சர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே போனார். பத்திரிகைகளை இரண்டு நாள் மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டு, நடுக்கம்பியைப் பிடுங்கிவிட்டுத்தான் கொண்டுவருவார்.

அவராகவே போட்டுக்கொண்ட விதி ஒன்றும் உண்டு. முதல் வாரத்தில் ஒரு நுங்குப் படம் வந்து, அதைப் பார்த்த இரண்டாம் கட்டில்காரர் வீட்டுக்குப் போய் ஏழு நுங்கு தின்று ஆம்புலன்ஸில் திரும்பி வந்தார். அதிலிருந்து தண்ணீரும் தீனியும் உள்ள படத்தையெல்லாம் டீச்சர் முந்தின நாளே உட்கார்ந்து கிழித்துப் போட்டுவிடுவார். மழை, கடல், மோர்ப்பந்தல், ஐஸ்கிரீம் எதுவும் எங்கள் கண்ணில் படாது. ஆனால் தாளுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதை அவர் யோசிக்கவில்லை. ஒட்டியபின் பின்பக்கம் யார் கண்ணில் படப்போகிறது?

ஒற்றைக் கையால் காகிதம் வெட்டிப் பாருங்கள், அப்போது தெரியும் எங்கள் பாடு. ஒரு கையில் இரண்டு ஊசி, அதை அசைக்கக் கூடாது. மிச்சமுள்ள கை ஒன்று, காகிதத்தைப் பிடித்தால் கத்திரி இல்லை, கத்திரியைப் பிடித்தால் காகிதம் இல்லை. அதனால் பக்கத்துக் கட்டில்களை இழுத்துச் சேர்த்து, ஒருவர் பிடிக்க ஒருவர் வெட்டுவது என்று ஆனது. யார் பிடித்தார்கள், யார் வெட்டினார்கள் என்று டீச்சர் தேதி போட்டு எழுதிவைப்பார், நாளைக்கு ஒருவருக்குத் தொற்று வந்தால் யார் பக்கத்தில் யார் இருந்தார் என்று தெரிய வேண்டுமே.

மூன்றாம் கட்டில் மாடத்தி பீடி சுற்றுகிறவள், வயது நாற்பதுக்குள்தான். தகட்டை வைத்து இலை வெட்டிப் பழகிய வலது கைக்கு எந்தப் படத்தைக் கொடுத்தாலும், முகமோ வீடோ மாடோ, இலை அளவுக்கு அச்சடித்தாற்போல் செவ்வகமாக வெட்டித் தள்ளிவிடும். நான்காம் கட்டில் தங்கப்பழம் அண்ணாச்சி, பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். அவருக்கு இடது கைக் குழாய் அடைத்துப்போய் வலது கையில் போட்டிருந்ததால் இடது கை சும்மா இருந்தது. இப்படியாக அண்ணாச்சி இடது கையால் பிடிக்க மாடத்தி வலது கையால் வெட்டினாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாடத்தி வெட்டிக்கொண்டே, தாழ்ந்த குரலில், "அண்ணாச்சி, வெள்ளிக்கெழமயிலருந்து நான் வரல" என்றாள்.

"ஏம்மா?"

"என்னால முடியல. நாக்கு பலகை மாதிரி ஒட்டுது. பிள்ளைய சோறு திங்கும்போது சொம்பத் தூக்கி மடக்கு மடக்குன்னு குடிக்குதுவ, அதைப் பாத்தா அடிச்சிரலாம்னு வருது. பெத்த பிள்ளையள அடிக்கத் தோணுத வாழ்க்கை எதுக்கு? ஒருநா வயிறு நெறையத் தண்ணியக் குடிச்சிட்டுப் போய்ச் சேந்துருதேன்."

அண்ணாச்சி பிடித்த காகிதத்தை விடவில்லை. மாடத்தி வெட்டி முடித்து, பசை தடவி, அட்டையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். அப்போதுதான் சேலைக் கரை சொட்டத் தொடங்கியது.

டீச்சர் ஓடிவந்து ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஏதோ லாட்ஜ் விளம்பரம், அதில் மலையும் அருவியும். "அல்லாவே, பின்பக்கத்த நான் பாக்கலியே" என்று நெற்றியில் கைவைத்தார். சிஸ்டர் அட்டையைச் சலைன் ஸ்டாண்டில் மாட்டி அடியில் ஒரு வாளியை வைத்தார், 'தரை ஈரம், கவனம்' பலகையை நட்டார், பிறகு ஒன்றாம் கட்டிலுக்குப் பிரஷர் பார்க்கப் போய்விட்டார்.

வாளி நிறைந்தபோது அதைத் தூக்க வந்த, வார்டைத் துடைக்கிற சுடலி, நிறைவாளிக்கு வேண்டிய தெம்பைக் கொடுத்துத் தூக்கி, வாளி காற்றாய் மேலே வந்துவிட, இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்தாள். அதன் பிறகுதான் சிஸ்டர் வாளியை எடை மேடையில் வைத்தார். காலி வாளி தொள்ளாயிரம் கிராம். நிறைந்த வாளியும் தொள்ளாயிரம் கிராம். அந்தத் தண்ணீருக்கு எடை இல்லை.

எடை இல்லாத தண்ணீர் என்றால் எங்களுக்கு என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. டம்ளரோடு எட்டுக் கையும் நீண்டது. ஆனால் எங்கள் ஏழு பேர் வாயில் அது பழைய பத்திரிகையாக இருந்தது, உதடு கூட நனையவில்லை. மாடத்தி ஒருத்திக்குத்தான் அது தண்ணீர். அவள் ஒரு டம்ளரைக் குடித்தாள், இன்னொன்றைக் குடித்தாள், மூன்றாவதைக் குடித்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். வெள்ளிக்கிழமை எங்கள் எல்லோருக்கும் முன்னால் வந்து வாசலில் நின்றாள், எடை மேடையில் ஒரு கிராம் கூடுதல் இல்லை.

ஆஸ்பத்திரி இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்பீர்கள். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதுபோலத்தான். டியூட்டி டாக்டர் முகிலன் ஒரு குப்பியை லேபுக்கு அனுப்பினார், 'மாதிரி வரவில்லை, குப்பி காலி' என்று எழுதி வந்தது. பொதுப்பணித் துறையிலிருந்து ஓவர்சீயர் வந்து சுவரையெல்லாம் தட்டிப் பார்த்து, 'கசிவு இல்லை, ஈரம் உண்டு' என்று கையெழுத்துப் போட்டார். தொற்றுத் தடுப்புக் கமிட்டி மூன்று முறை கூடி, வாளிக்கு மூடி வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே முடிவெடுத்துவிட்டு, மீந்த தண்ணீரை மஞ்சள் கழிவுப் பையில் சேர்ப்பதா சிவப்புப் பையில் சேர்ப்பதா என்று மற்ற இரண்டு கூட்டமும் சண்டை போட்டது. கண் வார்டிலிருந்து பச்சைத் துணி கட்டியவர்கள் வரிசையில் வந்து கண்ணில் தெளித்துக்கொண்டு ஒன்றும் தெரியாமல் திரும்பினார்கள். ஒருவர் மஞ்சள் கயிறும் சூடமும் கொண்டுவந்தார், "ஆக்சிஜன் லைன் போவுது, தீக்குச்சியக் கிழிச்சீங்க, அப்புறம் நாம எல்லாரும் அம்மன்கிட்டத்தான்" என்று சிஸ்டர் விரட்டிவிட்டார். ஒரு மாதத்தில் அது பழகிப்போய், பொறுப்பு மாற்றும் நோட்டில் ஆக்சிஜன் சிலிண்டருக்கும் சக்கர நாற்காலிக்கும் நடுவே 'மூன்றாம் கட்டில் அருவி, வேலை செய்கிறது' என்று ஒரு வரி ஏறியது.

மாடத்தி கட்டிலில் இருக்கும் நாலு மணி நேரம் மட்டும்தான் அது சொட்டும். போகும்போது இரண்டு லிட்டர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவாள். "வெயிட் இல்லாதத வேணாம்னு நான் எந்த மருத்துவத்துல எழுத?" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். எங்களுக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் வாய் வெந்துவிடும். மற்ற கட்டில்காரர்கள் டீச்சரிடம் கெஞ்சி இளநீர், பனிக்கட்டி, தாமிரபரணி என்று பின்பக்கம் முன்பக்கம் மாற்றி மாற்றி ஒட்டிப் பார்த்தோம். பசை காய்ந்ததுதான் மிச்சம்.

இந்தக் கூத்தில் தங்கப்பழம் அண்ணாச்சியை யாரும் கவனிக்கவில்லை. கவனித்தவர்களும் திட்டத்தான் கவனித்தோம். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் ஏறாத மனிதர், அந்த மாதம் இரண்டரை, மூன்று, மூன்றரை என்று ஏறி வந்தார். சிஸ்டர் கேட்பார், "இல்ல சிஸ்டர்" என்பார், நாங்கள் சிரிப்போம். "பக்கத்துக் கட்டில்ல அருவி ஓடுறத பாத்து அண்ணாச்சிக்கும் ஆச வந்துட்டு" என்று நானே சொன்னேன், அந்த வாக்கியத்தை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. ஒருநாள் அவர், "ஞாயித்துக்கெழம மூணு மணிக்கு கையில கெடக்க மோதிரம் தானா இறுகுது சிஸ்டர்" என்றார். "மூணு மணிக்கு டீ குடிச்சா இறுகத்தான் செய்யும்" என்று இரண்டாம் கட்டில் எடுத்துக்கொடுத்தது, வார்டே சிரித்தது. அவர் பக்கத்துக் கட்டிலை ஒரு பார்வை பார்த்தார். மாடத்தி மகளோடு போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அவர் மோதிரத்தைப் பற்றிப் பேசவில்லை, சோப்புப் போட்டு அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்தார்.

சித்திரை பிறந்தது, மாடத்தியின் ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. வெயிலும் கொட்டும் கூட்டமுமாக இருக்கும் என்று இன்னொரு பாட்டில் கூடுதலாக, மொத்தம் நாலு லிட்டர் பிடித்துக்கொண்டு போனாள். செவ்வாய்க்கிழமை முகமெல்லாம் குங்குமமும் சந்தோஷமுமாக, எங்கள் ஏழு பேருக்கும் திருநீறு மடித்துக்கொண்டு வந்தாள். நான்காம் கட்டில் காலியாக இருந்தது.

"அண்ணாச்சி எங்க சிஸ்டர்?"

"மேல ஐசியூல. ராத்திரி மூச்சு முட்டிக் கொண்டுவந்துட்டாங்க. நெஞ்செல்லாம் தண்ணி. அஞ்சரைக் கிலோ ஏத்திட்டு, மாஸ்க்க எடுத்துட்டு எடுத்துட்டு 'நான் குடிக்கல'ன்னே சொல்லுதாரு மனுஷன்."

மாடத்தி எடை மேடையில் நின்றபடியே இருந்தாள். பீடிக்காரிக்குக் கட்டு எண்ணுவது கைவந்தது, அவள் விரலை மடக்கினாள். "அவிய எப்பவும் ஒன்னரைதான ஏறுவாவ?"

"ஆமா."

"ஒன்னரையும் நாலும் அஞ்சரை." அவள் இறங்கி வந்து ஹாஜிரா டீச்சர் முன்னால் நின்றாள். "டீச்சர், அந்த மொத செவ்வாக்கெழமய அந்த நோட்டுல பாருங்க. அன்னைக்கு யாரு என்ன செஞ்சான்னு வாசிங்க."

டீச்சர் புரட்டினார். வாசிக்கும்போது அவர் குரல் இறங்கியது. "வெட்டியது மூன்று. பிடித்தது நான்கு."

"மோதிரம் இறுகுதுன்னாவளே, அதே ஞாயித்துக்கெழம மூணு மணிக்குத்தான் நான் பீடிக்கட்ட ஒப்படச்சிட்டு வந்து உக்காந்து குடிப்பேன்" என்றாள் மாடத்தி. "அது என் தண்ணி சிஸ்டர். நான் குடிச்சேன், அவிய சுமந்துருக்காவ."

டாக்டர் முகிலன் ஒரு வாய் குடிக்கச் சொன்னால் மேலே அண்ணாச்சியின் கட்டில் எடை ஏறுகிறதா என்று பார்த்துவிடலாம் என்றார். மாடத்தி அவரை ஒரு முறை முறைத்தாள், பாவம், சின்ன வயசு டாக்டர், பிள்ளை அந்தப் பேச்சை அத்தோடு விட்டது. அவள் கொண்டுவந்த பாட்டிலின் அடியில் ஒரு வாய் மிச்சம் இருந்தது, அதை மூடியைத் திருகி சிஸ்டர் கையில் கொடுத்தாள். அட்டையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தோம். இரண்டு வாரம் அவள் வந்து படுக்கும்போதெல்லாம் அது சுவரைப் பார்த்தே சொட்டியது, இரண்டு வாரமும் அவள் ஒரு மிடறு தொடவில்லை. நாங்கள் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பொய் சொல்லிப் பழகிய ஏழு பேர் சேர்ந்து, உண்மை சொன்ன ஒரே ஆளைச் சிரித்து அடக்கியிருக்கிறோம்.

அண்ணாச்சி சக்கர நாற்காலியில் வந்தார். கன்னம் ஒட்டி, சட்டை இரண்டு சுற்றுப் பெரிதாகி இருந்தது. கட்டிலில் படுக்கவைத்து ஊசி போட்டு முடியும்வரை மாடத்தி பொறுத்திருந்தாள்.

"ஒங்களுக்கு எப்ப தெரிஞ்சுது அண்ணாச்சி?"

"ரெண்டாவது ஞாயித்துக்கெழம."

"வாயத் தொறந்து சொல்ல என்ன? ஒங்கள சுமக்கச் சொல்லி நான் கேட்டனா? ஒங்க வீட்டம்மைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" அவள் குரல் வார்டெங்கும் கேட்டது, மெஷின் கூட ஒரு தரம் கத்தி அடங்கியது.

அண்ணாச்சி மோட்டுவளையைப் பார்த்தார். "முப்பது வருசம் வண்டியில போனேன். மீன்கூடைக்காரிய காலையில ஏறுவாளுவ, தலையில இருக்கத இறக்கி வாங்கி உள்ள வைக்கது நாந்தான். கூடைக்கு ஒருநாளும் டிக்கெட் கிழிச்சதில்ல. அது பழகிப்போச்சு தாயி." பிறகு மெதுவாக, "சொல்லிருந்தா நீ வராம இருந்துருப்பியே" என்றார்.

மாடத்தி சுவர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். அருவி சுவரில் சொட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் ஹாஜிரா டீச்சரைக் கூப்பிட்டு, அட்டையைக் கொண்டுவரச் சொன்னாள், நாலாம் நம்பர் கத்திரியை எடுத்து அண்ணாச்சியின் இடது கையில் திணித்தாள், தன் வலது கையால் அட்டையைப் பிடித்தாள்.

"வெட்டுங்க."

"எனக்கு எடதுகையில வராதும்மா."

"வருத மட்டுக்கு வெட்டுங்க. நான் பிடிச்சிருக்கேன்."

கத்திரிகள் எல்லாம் வலதுகைக்காரர்களுக்காகச் செய்தவை. இடது கையில் அது காகிதத்தை வெட்டாமல் மடக்கியது, கடித்தது, கோணியது. கால் மணி நேரம் அந்த மனிதர் வியர்த்து விறுவிறுத்துச் சேலைத் துண்டைச் சுற்றி வெட்டினார், ஒழுங்கான செவ்வகமாக இருந்தது எலி கரம்பியதுபோல் ஆனது. கடைசி வெட்டில் துண்டு கழன்று விழுந்தபோது சொட்டு நின்றுபோனது. எட்டு மெஷினும் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. டீச்சர் புது அட்டையை நீட்ட, அண்ணாச்சி பசை தடவி ஒட்டினார். நாங்கள் காத்திருந்தோம். ஜரிகையில் ஒரு சொட்டு திரண்டது.

"ஒரு டம்ளர்தான்" என்றார் ரோஸ்லின் சிஸ்டர் உடனே. "வாளி கெடையாது, பாட்டில் கெடையாது, வாசலத் தாண்டாது. டீச்சர், எழுதிக்கோங்க. எட்டுக் கத்திரி, எட்டுப் பசை, ஒரு டம்ளர்." அடுத்த செவ்வாய்க்கு நான் பிடிக்கிறேன், யாருக்கு ரொம்ப முடியவில்லையோ அவர் வெட்டட்டும் என்று நான் சொன்னேன். குரல் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. இரண்டாம் கட்டிலும் கை தூக்கியது.

அண்ணாச்சி டம்ளரை வாங்கினார். முதலில் உதட்டில் வைத்துப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு மிடறு விட்டு ஒரு மிடறாக, கடைசிச் சொட்டுவரை குடித்தார். அந்த ஒன்றரை மாதமும் அடுத்தவள் தண்ணீர் அவர் காலிலும் நெஞ்சிலும் ஏறியதே தவிர, தொண்டை நனைந்ததில்லை. மாடத்தி அவர் குரல்வளை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெள்ளிக்கெழம வருவியா தாயி?" என்று அவர் கேட்டார். "வராம? பிடிக்கதுக்கு ஆள் வேண்டாமா?" என்றாள் அவள்.

ஒன்றரை மணிக்கு எட்டுக் கத்திரியும் தட்டுக்குத் திரும்பின, ஊசிகள் கழன்றன. போகிற எடை பார்க்க மாடத்தி மேடையில் ஏறினாள். அவளுக்கு இருக்க வேண்டியது நாற்பத்துமூன்று கிலோ. முள் அதைத் தாண்டி, இருநூறு கிராம் கூடுதலில் போய் நின்றது.

"மாடத்தி, தண்ணி குடிச்சியா?" பதினோரு வருடப் பழக்கத்தில் சிஸ்டரின் வாயிலிருந்து கேள்வி தானாக வந்தது.

"இல்ல சிஸ்டர்."

ரோஸ்லின் சிஸ்டர் நான்காம் கட்டிலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, நோட்டில் நாற்பத்துமூன்று புள்ளி இரண்டு என்று எழுதினார், "நம்புதேன்" என்றார். மாடத்தி உடனே இறங்கவில்லை. பின்னால் நாங்கள் வரிசையில் நின்றோம், அவள் அந்த இருநூறு கிராமோடு மேடைமேல் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள்.